அழுத்து, புடி, விடு

ஏனுங்க சார், உங்க நம்பரு எத்தனைங்க? பதினேழுங்களா? அப்ப எனக்கு அடுத்தது நீங்கதான். நான் பதினாறு. இப்படி மரத்தடிக்கு வந்துருங்க, வேனுக்குள்ளயே உக்காந்திருந்தா வெந்து போயிருவீங்க. பிரேக் இன்ஸ்பெக்டரு இன்னும் ஒம்பதாவது வண்டியிலதான் நிக்கறாரு. அந்த லாரிக்காரங்கூட மல்லுக்கட்டிட்டு இருக்காரு பாருங்க. கோயமுத்தூருல வெயிலே தெரியாதுன்னு சொல்லறவனக் கூட்டியாந்து வைகாசி மாசம் இந்த ஆர்.டி.ஓ. கிரவுண்டுல நிறுத்தோணும்.

அதுங்களா? என் வண்டிதானுங்க. மோரிஸ் மைனரு, அம்பத்தாறு மாடலு. என்னைவிட நாலு வயசு மூப்பு. வாங்க, பக்கத்துல போயே பாருங்க. எல்லாரும் முன்னால லைட்டு, மூஞ்சி, அதைத்தான் பாப்பாங்க. என்னைக் கேட்டா பின்னால குனிஞ்சு பாக்கோணும். பின் ஆக்சிலு. ஒரு சொட்டு ஆயிலு கசியுதுங்களா? கையக்கூட வெச்சுப் பாக்கலாம். அத்தனையும் நான் கழட்டி, நான் மாட்டுனது. எந்த மெக்கானிக்கும் தொடலை. முப்பத்திநாலு வருசம் மில்லுல பிட்டரா இருந்தவனுங்க நான். பேரு ஆறுச்சாமி.

இன்னிக்கு இது பாஸாகோணும். ஆகியே தீரோணும். எஃப்.சி. தாள வாங்கிட்டு நேரா வீட்டுக்குப் போயி, என் சம்சாரத்தக் கூட்டிட்டு சத்திக்குப் போறேன். அங்க அவங்கக்கா வீட்டு வாசல்ல இந்த வண்டியக் கொண்டு போயி நிறுத்தறேன். பத்து மணிக்கெல்லாம் வந்தர்றேன்னு சொல்லியிருக்கேன். மணி என்னங்க? ஒம்பதே முக்காலா? செரி, சித்த முன்னப்பின்ன ஆகும். அவ சீலை கட்டி, பைய எடுத்து மடியில வெச்சுட்டு உக்காந்திருப்பா. காத்திருக்கறதுல அவள மிஞ்ச ஆளில்லைங்க. நாகமணின்னு பேரு.

அவங்கக்கா ராமாத்தா. இவளுக்கும் அதுக்கும் பத்து வயசு வித்தியாசம். ஆத்தா சின்னதுலயே போயிட்டதால அந்தக்காதான் இவளுக்குத் தலை சீவிச் சோறூட்டி வளத்துச்சு. அக்கா வீட்டுக்காரரு அங்கமுத்து, எனக்குச் சட்டகரு. உங்க பக்கம் சகலைன்னுவீங்க. சண்டையெல்லாம் அவருக்கும் எனக்குந்தான்.

ஒம்பது வருசம் ஆச்சுங்க. அவரு பேத்திக்குக் காதுகுத்து. இந்த வண்டியிலதான் போனோம். அவங்க வாசலு தெக்கால பாத்துச் செரிவா எறங்கும். நான் ஹேண்ட் பிரேக்கப் போட்டுட்டு எறங்கி வேட்டியச் சரி பண்ணிட்டு இருக்கேன், வண்டி மெதுவாப் பின்னால போகுது. ஓடறேன். கதவப் புடிச்சு இழுக்கறேன். முக்கா டன்னு வண்டி, இழுத்தா நிக்குமா? நேராப் போயி, சமையக்காரரு எறக்கி வெச்சிருந்த ரச அண்டாவ முட்டிச் சாய்ச்சிருச்சு. ஆளுக்கு ஒண்ணும் ஆகலைங்க. ரசந்தான் வாசல் பூரா ஓடுச்சு.

அதோட விட்டிருக்கலாமில்ல? அங்கமுத்து அல்லாத்துக்கும் நடுவுல வந்து நின்னுட்டு, "ஏந்தம்பி, வண்டியக் கட்டறதுக்கு ஒரு மொளக்குச்சி அடிச்சுத் தரட்டுமா? எருமை கவுறு சும்மாத்தான் கெடக்குது"ங்கறாரு. முந்நூறு பேரு சிரிச்சாங்க. என் சம்சாரமும் சிரிச்சா. முந்தானைய வாயில வெச்சுட்டுத்தான் சிரிச்சா, ஆனாச் சிரிச்சா. நான் கை நனைக்காம வந்துட்டேன். வரும்போது சொல்லிட்டுத்தான் வந்தேன். "மொளக்குச்சியும் இல்லாம கவுறும் இல்லாம என் வண்டி இந்த வாசல்ல நிக்கும். அன்னிக்குத்தான் இனி நான் இங்க கால வெப்பேன்"னு.

அவள நான் போகாதேன்னு ஒரு வார்த்தை சொன்னதில்லீங்க. சத்தியமா. அவளாத்தான் போகாம இருந்துட்டா. மொத வருசம் ஒருக்கா பஸ்ஸுல போயிட்டு வந்தா. வந்தப்பறம் ரெண்டு நாளு நான் பேசலை, சோறு போட்டா வேண்டாம்னுட்டேன், அவ்வளவுதான். அதுக்கு மேல ஒண்ணுமில்லை. அதுக்கப்பறம் அவ போகலை. அக்காளும் தங்கச்சியும் போனுலயே பேசிக்குவாங்க. தினம் ராத்திரி சோறு ஆனதும் அரை மணி நேரம். என்னதான் பேசுவாங்களோ, சிரிப்புச் சத்தம் வாசல் வரைக்கும் வரும்.

போன வருசம் பொங்கலு கழிச்சு ஒரு நாளு சிரிப்புச் சத்தத்தக் காணமுங்க. உள்ள போயிப் பாத்தா போனக் கையில வெச்சுட்டு அப்படியே உக்காந்திருக்கறா. அக்காவுக்கு வயித்துல கட்டியாம். ஆஸ்பத்திரியில வெச்சுப் பாத்தாச்சாம், வீட்டுக்கே கூட்டிட்டுப் போகச் சொல்லிட்டாங்களாம். "என்னுங்க, ஒருக்கா போயிப் பாத்துட்டு வந்தர்லாங்க"ன்னா. அழுகலை. கேக்கத்தான் செஞ்சா.

நானென்ன கல்லா சார்? உடனே சொன்னேன். "போலாம் நாகு. இத்தனை வருசம் கழிச்சுப் போறம், வெறும் ஆளாப் போகவேண்டாம். பத்து நாளு கொடு. பின் ஆக்சிலையும் பிரேக்கையும் முழுசாப் பிரிச்சு மாட்டிர்றேன். நம்ம வண்டியிலயே போயி எறங்கலாம்"னேன். "செரிங்க"ன்னா.

என்னுங்க? பஸ்ஸா? நீங்களும் அவளாட்டவே கேக்கறீங்களே. பஸ்ஸு இருக்குதுங்க. எங்க வீடு சரவணம்பட்டி, வாசல்ல நின்னு கை காட்டுனா சத்தி பஸ்ஸு நிக்கும். ஒண்ணே முக்கா மணி நேரம். அதை யாரு இல்லைன்னா? பத்து நாளுல என்ன ஆயிரப் போகுதுன்னு நெனச்சனுங்க.

அந்தப் பத்து நாளுல வேலை முடிஞ்சிருக்கும். ஒரு நட்டு கெடுத்துருச்சு.

நீங்க கழட்டிப் பாத்திருக்க மாட்டீங்க. சக்கரத்த எடுத்து, ட்ரம்ம எடுத்து, உள்ள இருக்கற ஷாப்ட்ட உருவுனீங்கன்னா, அங்க ஒரு பெரிய நட்டு இருக்கும். அதைக் கழட்டுனாத்தான் பேரிங்கு வரும், ஆயில் சீலு வரும். வலது பக்கம் ரெண்டு தட்டுல கழண்டுருச்சு. இடது பக்கம் அசையவே இல்லை. மண்ணெண்ணெய ஊத்தி ஒரு நாளு ஊற வெச்சேன். சூடு காட்டுனேன். அசையலை. ஸ்பேனருக்கு நாலடி பைப்ப மாட்டி ஏறி மிதிச்சேன்.

இவ காப்பி கொண்டாந்தா. நின்னு பாத்துட்டு இருந்துட்டு, "என்னுங்க, அக்கட்ட திருப்பிப் பாருங்களே. நம்ம டேபிள் பேனு மாதிரி இருந்தா?"ன்னா. டேபிள் பேனுல இறக்கையக் கழட்டித் தொடைப்பாங்கல்ல, அந்த மூடி எதிர் மரைங்க. கழட்டறதுக்கு வலது பக்கந்தான் திருப்போணும். பொம்பளைங்களுக்கு அது தெரியும், அவங்கதான தொடைக்கறாங்க. எனக்கு வந்துது பாருங்க கோவம். "காருக்கும் பேனுக்கும் முடிச்சுப் போடாதே, நீ போயி அடுப்பப் பாரு"ன்னேன். அவ போயிட்டா. நான் இன்னொருக்கா பைப்பு மேல ஏறி மிதிச்சேன். டொக்குன்னு ஒரு சத்தம். கழண்டுருச்சுடான்னு சந்தோசமா எட்டிப் பாத்தா, அந்த நட்டு ஏறியிருக்கற கேசிங்கு நுனியில மரை அத்தனையும் வழிச்சு வந்துருச்சு.

எதிர் மரைதானுங்க. அந்த வண்டிக்கு இடது பக்கம் மட்டும் எதிர் மரை. கழட்டறதா நெனச்சு நான் ஒன்றரை நாளா இறுக்கிட்டு இருந்திருக்கேன்.

இதை நான் இன்னிக்கு வரைக்கும் யாருகிட்டயும் சொன்னதில்லை சார். துருப்புடிச்சு ஒடிஞ்சு போச்சுன்னுதான் சொல்லி வெச்சிருக்கேன். உங்க மூஞ்சியப் பாத்ததும் சொல்லோணும்னு வந்துருச்சு. முப்பத்திநாலு வருசம் பிட்டரா இருந்தவனுக்கு எதிர் மரை தெரியலைன்னு வெளிய சொன்னாச் சிரிக்க மாட்டாங்க? அவகிட்டயும் சொல்லலை. அவளும் கேக்கலை. டேபிள் பேனுன்னு மறுபடி வாயத் தொறக்கலை.

மரை போன கேசிங்க என்ன பண்ணறது? உக்கடத்துல இரும்புக் கடை அத்தனையும் ஏறி எறங்கினேன். மேட்டுப்பாளையம் போனேன், திருப்பூரு போனேன். கடைசியாப் பங்குனியில பொள்ளாச்சிப் பக்கம் ஒரு தோட்டத்துல, கோழி அடையற வண்டி ஒண்ணு. அதுக்கு அடியில இருந்து உருவியாந்தேன். ரெண்டு மாசம் போச்சுங்க. அப்பறம் ஆயில் சீலு. கசியுது. மாத்துனேன். மறுக்கா கசியுது. சீலுல கசிஞ்சா ஆயிலு நேரா பிரேக் ஷூவுக்குப் போகும். ஆயிலக் குடிச்ச ஷூ எங்க புடிக்கும்? தூக்கிப் போட்டுட்டு வேற லைனிங்கு அடிச்சேன். மூணு தடவ. ட்ரம்ம லேத்துல குடுத்துப் புடிச்சேன். சிலிண்டருக்கெல்லாம் புது ரப்பரு. அரைகுறையாச் செஞ்சு எடுத்துட்டுப் போயி, அந்த வாசல்ல மறுபடியும் வண்டி உருண்டா நான் உசுரோட இருக்கறதுல அர்த்தம் இருக்குதுங்களா?

அந்தக்கா தினம் போனுல கேக்குமாம். "வண்டி நின்னுச்சா கண்ணு?"ன்னு. "இல்லக்கா, வேலை நடக்குது"ன்னு இவ சொல்லுவா. "நிக்கட்டும், நிக்கட்டும். நான் நிக்கறதுக்குள்ள அது நின்னாப் போதும்"ன்னு அது சிரிக்குமாம். மொதல்ல அரை மணி நேரம் பேசிட்டு இருந்தது, கால் மணி ஆச்சு, அப்பறம் ரெண்டு வார்த்தை ஆச்சு. சித்திரை கடைசியில அது பேசறதில்லை, இவ பேசுவா, அது கேட்டுக்கும்.

சித்த இருங்க சார். மணி பத்தேகால் ஆயிருச்சு, அவளுக்கு ஒரு போனு போட்டுச் சொல்லிர்றேன்.

எடுக்கலை. கையில வேலையா இருக்கும்.

எங்க விட்டேன்? ஆமா. வைகாசியில அல்லாம் மாட்டி முடிச்சாச்சு. பிரேக் கொழாய்க்குள்ள இருக்கற காத்த எடுக்கற வேலை ஒண்ணுதான் பாக்கி. அது ஒத்த ஆளு வேலை இல்லைங்க. ஒருத்தரு உள்ள உக்காந்து பிரேக் பெடல அழுத்தோணும். இன்னொருத்தரு சக்கரத்துக்குப் பின்னால படுத்துட்டு அங்க இருக்கற சின்ன நிப்பிளத் தொறக்கோணும். அழுத்துன்னா அழுத்தோணும். புடின்னா அப்படியே புடிச்சுக்கோணும். நிப்பிளத் தொறந்தாக் காத்தும் ஆயிலுமாப் பொளபொளன்னு வரும். நான் மூடிட்டு விடும்பேன், அப்பத்தான் கால எடுக்கோணும். மூடறதுக்கு முன்ன எடுத்தா, வெளிய வந்த காத்து அத்தனையும் திருப்பி உள்ள போயிரும். மறுக்கா மொதல்ல இருந்து ஆரம்பிக்கோணும்.

யாரு இருக்கா? அவளத்தான் கூப்பிட்டேன். வந்து உக்காந்தா. அழுத்து, புடி, விடு. அழுத்து, புடி, விடு. காத்தால எட்டு மணிக்கு ஆரம்பிச்சம். நல்லாச் செஞ்சா சார், கொறை சொல்ல முடியாது. மில்லுல என் அசிஸ்டெண்டுகூட அப்படிச் சொன்ன சொல்லுக்குச் செஞ்சதில்லை. வலது பக்கம் முடிஞ்சு இடது பக்கம் வந்தாச்சு. பத்து மணி இருக்கும். கடைசிச் சுத்து. ஆயிலு சுத்தமா வருது, நடுவுல ஒரு முட்டை ரெண்டு முட்டை காத்து, அவ்வளவுதான்.

சமையக்கட்டுல போனு அடிச்சுது.

"என்னுங்க, போனு"ன்னா.

"புடி. கால எடுக்காதே"ன்னேன்.

அடிச்சு நின்னுச்சு. மறுபடி அடிச்சுது. "என்னுங்க, அக்காவா இருக்கும்"ன்னா. "ரெண்டு நிமிசம் நாகு. இப்ப விட்டா அத்தனையும் பாழு"ன்னேன். புடிச்சுட்டே இருந்தா. அவ காலு நடுங்குனது எனக்கு நிப்பிள்லயே தெரிஞ்சுது, ஆயிலு விட்டு விட்டு வந்துச்சு. "ஆடாமப் புடி"ன்னேன். மூணாவது தடவையும் அடிச்சு ஓஞ்சு போச்சு. அப்பறந்தான் முட்டை நின்னு, கம்பி மாதிரி ஒரே சீரா ஆயிலு வந்துச்சு. மூடிட்டு "விடு"ன்னேன்.

அவ எறங்கி உள்ள போயி அந்த நம்பருக்குப் போட்டா. அங்கமுத்துதான் எடுத்தாரு. அக்கா காத்தால இருந்து நாகு நாகுன்னே சொல்லிட்டு இருந்துச்சாம். போனப் போட்டுக் காதுல வெச்சிருக்காங்க. அடிக்கற சத்தத்தக் கேட்டுட்டே இருந்துச்சாம். மூணாவது தடவ அடிக்கறப்பவே உசுரு போயிருச்சு.

இவ என்ன சொன்னா தெரியுங்களா? "அடிச்சது கேட்டுச்சு மாமா. எடுக்க முடியலை"ன்னா. அவ்வளவுதான். என் பேர எடுக்கலை, வண்டி பேர எடுக்கலை. இன்னொரு பொம்பளையா இருந்தா ஊரக் கூட்டி என் மானத்த வாங்கியிருப்பா. நல்ல மனசுங்க அவளுக்கு.

அன்னிக்குப் புடிச்ச பிரேக்கு சார். ஒரு வருசமாச்சு, அதுல ஒரு முட்டை காத்து கெடையாது. அதையும் சொல்லோணுமில்ல.

எழவுக்கு எப்படிப் போனம்னுங்களா? அவ அப்பவே கட்டுன சீலையோட பஸ்ஸு ஏறிட்டா. சக்கரத்த மாட்டி ஓட்டிப் பாக்காம நான் வண்டிய எடுக்க முடியுங்களா? நானும் பின்னாலயே பஸ்ஸுல போனேன். எட்டு வருசம் கழிச்சு அந்த வாசல்ல கால வெக்கறேன், வெறும் ஆளா. போயிப் பாத்தா வாசலு வேற மாதிரி இருக்குது. செரிவக் காணோம். மண்ணக் கொட்டி, நெரவி, தண்ணி விட்டு இடிச்சு, ஒரு காரு நிக்கற அளவுக்குச் சமமாப் பண்ணி வெச்சிருக்கறாங்க. பங்குனியிலயே பண்ணிட்டாங்களாம். அந்தக்கா கட்டில்ல படுத்துட்டே, "அவங்க வண்டியில வருவாங்க, உருளாம நிக்கோணும், மேட்ட நெரவி வெய்யுங்க"ன்னு சொல்லுச்சாம். அங்கமுத்து ஆளு வெக்காம அவரே மம்பட்டி புடிச்சாராம்.

அப்பக்கூடப் பாருங்க, என் பிரேக்க நம்பலை.

அந்தச் சமமான எடத்துலதான் அக்காவக் கெடத்தியிருந்தாங்க. வேற எங்க கெடத்துவாங்க, வாசல்லயே அது ஒண்ணுதான் மட்டமான எடம். அங்கமுத்து எந்திரிச்சு வந்து என் கையப் புடிச்சுட்டு, "வாங்க தம்பி"ன்னாரு. எனக்கு நெஞ்சு வலிச்சுதுங்க சார். அதை இல்லைங்க மாட்டேன்.

அந்த நட்ட மட்டும் அக்கட்ட திருப்பியிருந்தா. அதத்தான் தினம் நெனச்சுக்கறேன். ஒரு வெரக்கடை அக்கட்ட. தை மாசமே வேலை முடிஞ்சிருக்கும், அவ போயி அக்கா பக்கத்துல பத்து நாளு உக்காந்திருப்பா. தப்பு என் மேலதானுங்க. நட்டு விசயத்துல தப்பு என் மேலதான்.

பத்தரை ஆச்சுங்களா? இன்னொருக்கா போட்டுப் பாக்கறேன்.

இல்லை. அடிக்குது, எடுக்கலை. இது என்னடாது. சார், ஒண்ணு சொல்லறேன் கேளுங்க. அன்னியில இருந்து அவ போன இடுப்புலயேதான் சொருகி வெச்சிருப்பா. குளிக்கப் போனாக்கூட பக்கெட்டுப் பக்கத்துல இருக்கும். ஒரு ரிங்கு முழுசா அடிக்க விடமாட்டா. ராங் நம்பரா இருந்தாலும் எடுத்து, "யாருங்க, சொல்லுங்க, நாந்தான்"னுவா. அப்பேர்ப்பட்டவ எடுக்கலை.

ஒண்ணும் ஆகியிருக்காது. கோவமா? அவளுக்குக் கோவமே வராதுங்க. இன்னிக்கு அக்காவுக்கு வருசத் தெவசம். ஒரு மணிக்குப் படையல். எஃப்.சி.க்கும் இதே தேதிதான் கெடச்சுது. "தேதிய மாத்திக்கலாங்களே"ன்னா. நான் சொன்னேன், "ரெண்டும் ஒண்ணா வருதுன்னா அது நல்ல சகுனம் நாகு. கவர்மெண்டே கையெழுத்துப் போட்ட தாளோட போயி அந்த வாசல்ல நிறுத்தறேன், அங்கமுத்து பாக்கட்டும். பத்து மணிக்கு வந்தர்றேன், நீ கெளம்பி உக்காந்திரு"ன்னு. அவ சீலையத்தான் மடிச்சுட்டு இருந்தா.

அவ இந்த வண்டியில ஏறி ஒரு வருசமாச்சுங்க. முட்டிவலியாம், குனிஞ்சு ஏற முடியலையாம். பஸ்ஸுல அத்தனை உசரத்துக்கு ஏற முடியுது, இதுல முடியலையாம். நடுவுல ஒருக்கா முன்பக்கம் காத்து எடுக்கோணும்னு பெடல அழுத்தக் கூப்பிட்டேன். சமையக்கட்டுக் கதவப் புடிச்சுட்டு நின்னவ நின்னவதான். வரவே இல்லை. பக்கத்து வீட்டுக்காரர வெச்சுப் பண்ணினேன். வயசாச்சுங்கல்ல.

மூணாவது தடவ போட்டாச்சு. எடுக்கலை.

இருங்க, என் நம்பரக் கூப்பிடறாங்க. பதினாறு. நான் போயிட்டு வந்தர்றேன். இந்தப் பையச் சித்த பாத்துக்குங்க. வேட்டி துண்டுதான் இருக்குது, அந்த வாசல்ல எறங்கறப்ப கட்டிக்கறதுக்கு.

பாஸுங்க சார்! பாத்தீங்களா? இங்கிருந்தே பாத்திருப்பீங்க. அந்த மேட்டுல ஏத்தி நிறுத்தச் சொன்னாரு, ஹேண்ட் பிரேக்க மட்டும் போட்டுட்டு எறங்கச் சொன்னாரு. எறங்கினேன். அவரே பின்னால வந்து ரெண்டு கையையும் வெச்சுத் தள்ளிப் பாத்தாரு. இம்மி நகரலை. "பெரியவரே, புது வண்டி இப்படி நிக்காது. யாரு செஞ்சது?"ன்னாரு. நாந்தான்னேன். கையக் குடுத்தாருங்க. இந்தக் கையத்தான்.

அவளுக்குச் சொல்லோணும். இருங்க.

அடிக்குது. எடுத்துட்டா, எடுத்துட்டா. ஹலோ, நாகு. பாஸாயிருச்சு நாகு. எங்க இருக்கற? ஒரே சத்தமா இருக்குது? ... எங்க? ... பஸ்ஸுலயா? அன்னூரு தாண்டியாச்சா? பத்து மணிக்கு வர்றேன்னு சொன்னனல்ல? ... செரி. செரி, மணி ஆச்சுதான். ... மூணு தடவ அடிச்சனே, கேக்கலையா? ...

... நாகு? ... இல்லை, வெச்சிராதே. சித்த புடி. நாகு, அந்த நட்டு இருக்குதல்ல, அது, நீ சொன்ன மாதிரி அக்கட்டதான் ... ஹலோ?

வெச்சுட்டா சார்.

ஒண்ணுமில்லை. உக்காந்துக்கறேன். தண்ணியெல்லாம் வேண்டாம். மூணு தடவ அடிச்சனேன்னு கேட்டனா, "கேட்டுச்சுங்க. எடுக்க முடியலை"ன்னா. அன்னிக்கு அங்கமுத்துகிட்டச் சொன்னா பாருங்க, அதே வார்த்தை, அதே கொரலு. சத்தம் போட்டுச் சொல்லலை. அப்பறம் நான் நட்டப் பத்திச் சொல்ல வாயெடுத்தேன். "விடுங்க"ன்னா. அவ்வளவுதான். எப்பவும் நானல்ல அதைச் சொல்லுவேன்.

நட்டு இல்லைங்க சார். இத்தனை நாளா நட்டு நட்டுன்னு நெனச்சுட்டு இருந்தேன். அவ காலு நடுங்குச்சு. எனக்குத் தெரிஞ்சுது. ஆடாமப் புடின்னு சொன்னேன்.

பதினேழு, உங்களத்தான் கூப்பிடறாரு. போங்க, போங்க, விட்டாருன்னா நாளைக்கு வரச் சொல்லிருவாரு. சார், ஒரு நிமிசம். இங்கிருந்து சத்தி பஸ்ஸு எந்தப் பக்கமுங்க நிக்கும்? கேட்டுக்கு எதுத்தாப்லயா? செரிங்க.

வண்டியா? இங்கயே கெடக்கட்டுமுங்க. எங்கயும் போகாது. நல்லா நிக்கும்.